கன்னியாகுமரி முதல் நீரோடி வரை கடற்கரைச் சாலைப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்தின் கடற்கரை கிழக்கே ஆரோக்கியபுரத்தில் தொடங்கி மேற்கே கேரள எல்லையிலுள்ள நீரோடியில் முடிகிறது. நீளம் சுமார் 70 கிலோமீட்டர். இருசக்கர வாகனத்திலோ காரிலோ இந்தக் கரையை ஒட்டிப் போக நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது.

ஒரே நாளில் முடித்துவிடலாமா?

ஓட்டி முடிக்கலாம், பார்த்து முடிக்க முடியாது. தூரத்தை வைத்து இந்தச் சாலையைக் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும். நெடுஞ்சாலையில் 70 கிலோமீட்டர் என்பது ஒன்றரை மணி நேரம். இங்கே ஒரு துறை (கடலோர மீனவர் ஊர்) முடிவதற்குள் அடுத்த துறை வந்துவிடும். தெரு குறுகலாக இருக்கும், ஓரத்தில் வலை காயும், வேகத்தடை அடுக்கடுக்காக வரும். நிற்காமல் போனாலே மணிக்கு 25 கிலோமீட்டர்தான் சராசரி. இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் கன்னியாகுமரியிலிருந்து முட்டம் வரை, சுமார் 33 கிலோமீட்டர். இரண்டாம் நாள் முட்டத்திலிருந்து குளச்சல், தேங்காய்ப்பட்டணம் வழியாக நீரோடி வரை, சுமார் 40 கிலோமீட்டர். ஒரு நாள்தான் கைவசம் என்றால் குளச்சலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கிழக்கிலிருந்து மேற்கா, மேற்கிலிருந்து கிழக்கா?

கிழக்கிலிருந்து மேற்கு. காலை வெயில் முதுகுப் பக்கம் இருப்பதால் ஓட்டும்போது கண் கூசாது, படமும் நன்றாக வரும். கடல் இடது கைப்பக்கமே வரும், ஆகவே நிறுத்துவதற்கு எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கிட வேண்டியதில்லை. மாலை 4 மணிக்கு மேல் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். அந்த நேரத்தில் வண்டியை ஓரங்கட்டி எங்காவது உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதால்தான் முதல் நாளை முட்டத்தில் முடிக்கச் சொல்கிறோம்.

சூரியன் கடலில் உதிப்பதையும் மறைவதையும் எங்கே பார்ப்பது?

உதயத்துக்கு ஆண்டு முழுவதும் கன்னியாகுமரிதான். கிழக்கே கடல் திறந்து கிடக்கிறது. பருவத்தைப் பொறுத்து காலை 6 மணிக்கும் 6.40-க்கும் இடையே சூரியன் எழும். மே கடைசியில் சீக்கிரம், ஜனவரி பிற்பாதியில் தாமதம்.

மறைவு விஷயத்தில்தான் பலர் ஏமாந்து திரும்புகிறார்கள். கன்னியாகுமரியிலிருந்து கரை மேற்கே சற்று வடக்குச் சாய்ந்து போகிறது. மே முதல் ஆகஸ்ட் வரை சூரியனும் வடமேற்காகப் போய் இறங்குவதால், ஊருக்குள் நின்று பார்த்தால் அது கரைப் பக்கம் மறையும், கடலில் இறங்காது. அக்டோபர் முதல் மார்ச் வரை வந்தால் கன்னியாகுமரியிலேயே கடலில் இறங்குவது தெரியும். முட்டத்துக்கு அப்பால் கரை இன்னும் செங்குத்தாக வடமேற்கே திரும்பிவிடுகிறது. அதனால் முட்டத்துப் பாறைமேட்டில் எந்த மாதம் நின்றாலும் சூரியன் கடலில்தான் இறங்கும். மறையும் நேரம் நவம்பரில் 6 மணியை ஒட்டி, ஜூலையில் 6.40-ஐ ஒட்டி.

சித்ரா பௌர்ணமியன்று மாலையில் ஒரு பக்கம் சூரியன் மறைவதையும் மறுபக்கம் நிலா எழுவதையும் சேர்த்துப் பார்க்கக் கன்னியாகுமரியில் பெருங்கூட்டம் கூடும். அன்று வண்டியை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு நடப்பது நல்லது.

எந்த மாதத்தில் வருவது நல்லது?

டிசம்பர் பிற்பாதி முதல் மார்ச் தொடக்கம் வரை. மழை ஓய்ந்திருக்கும், மேற்குக் கரையில் கடல் அடங்கியிருக்கும், காற்றும் உறைக்காது. இந்த மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. முதலாவது பருவத்தில் மழையைவிடக் கடல்தான் பிரச்சினை. கச்சான் என்னும் தென்மேற்குப் பருவக்காற்று கிளம்பிவிட்டால் குளச்சலுக்கு மேற்கே அலை சாலை வரைக்கும் ஏறும். அதே மாதங்களில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கமாகப் பைக்கில் வருபவர்கள் பக்கக் காற்றுக்கும் தயாராக இருக்க வேண்டும். அங்கே காற்றாலைகளைச் சும்மா நட்டு வைக்கவில்லை. லாரியை முந்தி வெளியே வரும் கணத்தில் காற்று வண்டியை ஒரு முழம் தள்ளும்.

ஏப்ரல், மே வெயிலும் புழுக்கமும் தாங்க முடிந்தவர்களுக்கு அக்கானி கிடைக்கும் காலம் அது. பதநீருக்கு இங்கே அக்கானி என்று பெயர். காலை 9 மணிக்குள் குடித்துவிட வேண்டும், வெயில் ஏறினால் புளித்துவிடும்.

முதல் நாள் வழியைச் சற்று விரிவாகச் சொல்ல முடியுமா?

உதயம் பார்த்த கையோடு கிழக்கே சுமார் 7 கிலோமீட்டர் போய் வட்டக்கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். 18-ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்தில், டச்சுக் கம்பெனிப் படையிலிருந்து வந்து அவரிடம் தளபதியான டிலனாய் மேற்பார்வையில் பலப்படுத்தப்பட்ட கருங்கல் கோட்டை இது. மதிற்சுவரே கடலுக்குள் நிற்கிறது. திரும்பும் வழியில் சின்னமுட்டம் துறைமுகம் இருக்கிறது.

கன்னியாகுமரியில் காலை உணவை முடித்துக்கொண்டு மேற்கே கோவளம் வழியாக மணக்குடிக்கு வாருங்கள். சென்னைக் கோவளமும் கேரளக் கோவளமும் வேறு, இது மூன்றாவது கோவளம். மணக்குடியில் பழையாறு கடலில் சேர்கிறது. இந்தக் கரைக்குக் கீழமணக்குடி, அந்தக் கரைக்கு மேலமணக்குடி என்று பெயர். இரண்டையும் இணைத்திருந்த பழைய பாலத்தை 2004 டிசம்பர் 26 சுனாமி பெயர்த்து எடுத்துப் போனது. இப்போது நீங்கள் கடப்பது அதற்குப் பிறகு கட்டிய பாலம். பாலத்தில் வண்டியை நிறுத்தாமல், இறங்கிய பிறகு ஓரமாக நிறுத்தி நடந்து வாருங்கள். ஒரு பக்கம் ஆறு கடலில் சேரும் பொழிமுகம், மறுபக்கம் அலையாத்திச் செடிகளும் உப்பளங்களும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை கூழைக்கடாவும் நாரையும் கண்ணில் படும். பறவைகளுக்காகவே வருபவர்கள் சுசீந்திரம், தேரூர்க் குளங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். 2022-ல் அவை உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன.

மணக்குடியிலிருந்து சொத்தவிளை, சங்குத்துறை. இந்த வழியில் மிகவும் அகன்ற மணற்பரப்பு சொத்தவிளையில்தான். உச்சி வெயில் நேரத்தை இங்கே வீணாக்காமல் ராஜாக்கமங்கலம் பக்கம் போய்ச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். பிற்பகல் 3 மணிக்குக் கணபதிபுரம் லெமூர் கடற்கரை, 4.30-க்குள் முட்டம். அங்கே கலங்கரை விளக்கம், செம்மண் ஓடைகள், கடலுக்குள் சரிந்து கிடக்கும் பாறைகள் மூன்றையும் பார்க்க ஒன்றரை மணி நேரம் வேண்டும். செம்மண்ணில் மழைநீர் அரித்த சிறு பள்ளத்தாக்குகளைப் பலர் கவனிக்காமலே போகிறார்கள். மாலை வெயில் பட்டு அந்த மண் சிவப்பதைப் பார்க்காமல் வர வேண்டாம்.

முட்டத்துப் பாறையில் இறங்கலாமா?

வேண்டாம். ஈரம் பட்ட பாறையில் பாசி பிடித்திருக்கும். கறுத்து மினுமினுக்கும் இடமெல்லாம் அலை தொடுகிற இடம் என்று புரிந்துகொள்ளுங்கள். பத்து அலை எட்டாமல் போயிருக்கும், பதினொன்றாவது அலை எட்டும். காய்ந்து வெளுத்த பாறையிலேயே உட்காருங்கள், கடலுக்கு முதுகு காட்டிப் படம் எடுக்காதீர்கள்.

கடலில் குளிக்க எந்த இடம் பாதுகாப்பு?

நீச்சல் தெரிந்தவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறோம்: இந்தக் கரையில் பெரும்பாலான இடங்களில் முழங்காலுக்கு மேல் இறங்கக் கூடாது. கரை சட்டென்று ஆழமாகிறது. அதோடு, கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகக் குறுகிய ஓடைபோல வழி வைத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் மட்டும் ஒரு பட்டை அலையில்லாமல் கருநிறமாகக் கிடந்தால் அதுதான் அந்த ஓடை. அமைதியாக இருக்கிறதே என்று அதில்தான் இறங்குவார்கள். கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிப் போட்டிருக்கும் தூண்டில் வளைவுகளின் ஓரத்திலும் இந்த இழுப்பு உண்டு. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நேராக நீந்தக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்த பிறகு கரையேற வேண்டும்.

இன்னொன்று கள்ளக்கடல். தொலைவில் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் எழும் புயலால் பிறந்த நீண்ட அலைகள் சில நாள் பயணம் செய்து நம் கரைக்கு வரும். இங்கே காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது. கள்ளனைப் போல வந்து ஏறும் என்பதால் அந்தப் பெயர். 2024 மே மாதம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது இப்படிப்பட்ட ஒரு நாளில்தான். ஹைதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கிறது. கிளம்புவதற்கு முந்தின இரவும் கிளம்பும் காலையும் அதைப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் மணலில்கூட இறங்க வேண்டாம். கரையில் வள்ளங்களை (நாட்டுப் படகுகளை) வழக்கத்தைவிட மேலே இழுத்துப் போட்டிருந்தால் அதுவும் எச்சரிக்கைதான். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் அவசர எண் 1093.

பொழி என்கிறார்களே, அது என்ன? அதில் நடக்கலாமா?

ஆறு அல்லது ஓடை கடலில் சேரும் வாய் பொழி. கோடையில் ஆற்றில் தண்ணீர் குறைந்ததும் அலை மணலைக் கொண்டுவந்து கொட்டி வாயை அடைத்துவிடும். உள்ளே குளம்போலத் தண்ணீர் நிற்கும், வெளியே கடல், நடுவே மணல் திட்டு. பார்க்க மிக அழகான இடம். மழையில் உள்நீர் ஏறினால் திட்டு உடையும், சில சமயம் ஊருக்குள் வெள்ளம் வராமலிருக்க வெட்டியும் விடுவார்கள். உடையத் தொடங்கினால் ஒரு சாண் அகலத்தில் ஓடிய தண்ணீர் சற்று நேரத்தில் பெரிய வாய்க்காலாகிவிடும், காலடி மணல் கரைந்துகொண்டே போகும். திட்டின் விளிம்பில் மணல் படிப்படியாகச் சரிந்து விழுந்துகொண்டிருந்தால் உடனே திரும்பிவிடுங்கள். மழைக்காலத்தில் எந்தப் பொழியிலும் நடக்க வேண்டாம்.

கூகுள் மேப் காட்டும் வழியை நம்பலாமா?

பாதி நம்பலாம். இங்கே இரண்டு வழி ஓடுகிறது. ஒன்று சற்று உள்ளே, ராஜாக்கமங்கலம், மணவாளக்குறிச்சி, மண்டைக்காடு, குளச்சல் என்று போகும் மேற்குக் கடற்கரைச் சாலை. பேருந்தும் லாரியும் ஓடும், தார் நன்றாக இருக்கும். மற்றது துறை ஊர்களைத் தொடுத்துப் போகும் சிறு சாலை. அதில் பல இடங்களைக் கடல் தின்றிருக்கிறது. ஒரு பருவத்தில் இருந்த சாலை அடுத்த பருவத்தில் பாதியாக நிற்கும், மேப்பில் முழுசாகவே தெரியும். தூத்தூர் பக்கத்திலிருந்து நீரோடி வரை இது அடிக்கடி நடக்கிறது.

மேப் சிறு சாலைக்குத் திருப்பும்போதெல்லாம் அந்த முக்கிலுள்ள டீக்கடையில் “இப்படியே கரையோரமா அடுத்த துறைக்குப் போவலாமா, ரோடு உண்டா?” என்று கேட்டுவிடுங்கள். கார்க்காரர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். பைக்கைத் திருப்பிவிடலாம். ஒரு பக்கம் வீடு, ஒரு பக்கம் கல் சுவர் உள்ள தெருவில் காரை அரை கிலோமீட்டர் பின்னோக்கி ஓட்டுவது பெரும்பாடு.

இரண்டாம் நாளில் எதையெல்லாம் விடக் கூடாது?

விடியற்காலையில் கடியபட்டணம் வழியாக மணவாளக்குறிச்சி. இங்கே மணல் கறுப்பாக இருக்கிறதே, எண்ணெய் கொட்டிவிட்டதா என்று கேட்பவர்கள் உண்டு. அது இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், மோனசைட் கலந்த கனிம மணல். கையில் அள்ளினாலே சாதாரண மணலைவிடக் கனம் தெரியும். 1909-ல் ஜெர்மானியரான ஷோம்பெர்க், இங்கிருந்து போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் இந்தக் கரையில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். மோனசைட்டில் தோரியம் இருப்பதால் இந்தக் கரையில் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிடக் கூடுதல். சில மணி நேரம் நின்று போகும் பயணிகள் அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. மணலை நினைவுக்கென்று பாட்டிலில் அள்ளிப் போகக் கூடாது, அது அரசுக் கட்டுப்பாட்டிலுள்ள கனிமம். மணல் ஆலைப் பகுதியைப் படம் எடுக்கவும் வேண்டாம்.

அடுத்து மண்டைக்காடு பகவதி அம்மன் கோயில். மாசிக் கொடை விழா நடக்கும் பத்து நாளும் இந்தச் சாலையில் காரை ஓட்ட நினைக்காதீர்கள்.

குளச்சலில் கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு வெற்றித்தூண் நிற்கிறது. 1741 ஆகஸ்ட் 10-ல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை இங்கே தோற்கடித்தது. அந்தப் போரில் பிடிபட்ட டிலனாய்தான் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தலைமை ஏற்றவர். முந்தின நாள் பார்த்த வட்டக்கோட்டையை இங்கே நின்று நினைத்தால் இரண்டும் ஒரே கதையாகச் சேரும். குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் சுனாமியில் இறந்தவர்களின் நினைவிடங்கள் இருக்கின்றன. அங்கே சத்தமில்லாமல் நில்லுங்கள்.

குளச்சலுக்கு மேற்கே குறும்பனை, மிடாலம், இனையம் வழியாகத் தேங்காய்ப்பட்டணம். குழித்துறைத் தாமிரபரணி கடலில் சேரும் இடம் இது. மீன்பிடித் துறைமுகமும் பழமையான பள்ளிவாசலும் உண்டு. பாலம் ஏறி ஆற்றைக் கடந்தால் இரயுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என எட்டுத் துறைகள் வரிசையாக வரும். ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கி, தூண்டில் போட்டுச் சுறா பிடிப்பதில் பேர்பெற்றவர்கள் இந்த ஊர்க்காரர்கள். 2017 ஒக்கிப் புயலில் மிகுதியாக ஆள் இழந்ததும் இவர்களே.

நல்ல மீன் சாப்பாடு எப்போது கிடைக்கும்?

தேதியைப் பார்த்து வாருங்கள். விசைப்படகுகளுக்கான 61 நாள் தடை இந்த ஒரே மாவட்டத்தில் இரண்டு முறையாக அமலாகிறது. சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கரைக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு தடையும் ஒன்றாக விழும். வள்ளத்துக்கும் கட்டுமரத்துக்கும் தடை கிடையாது என்பதால் சாளை (மத்தி), அயிலை (கானாங்கெளுத்தி), நெத்திலி அப்போதும் கிடைக்கும், விலைதான் ஏறியிருக்கும். நெய்மீன் (வஞ்சிரம்) வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல் அன்று வந்த மீனைக் கேட்டு வாங்குங்கள். மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) மசித்தது, பக்கத்தில் தேங்காய் அரைத்த சாளைக் குழம்பு. இந்தக் கரையில் இதற்கு மேல் ஒரு சாப்பாடு இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு மட்டிப்பழம் வாங்குங்கள். கைவிரல் நீளம்தான் இருக்கும், மணம் பெரிது.

மணலில் வண்டி புதைந்துவிட்டால்?

ஆக்சிலேட்டரை விட்டுவிடுங்கள். சக்கரம் சுற்றச் சுற்ற ஆழமாக இறங்கும், வண்டியின் அடிப்பாகம் மணலில் உட்கார்ந்துவிட்டால் கயிறு கட்டித்தான் இழுக்க வேண்டும். எல்லாரும் இறங்கி, ஓட்டும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மணலைக் கையால் தோண்டி எடுங்கள். டயர்க் காற்றை 30 பிஎஸ்ஐ-யிலிருந்து 18-க்கு இறக்குங்கள். டயர் பரந்து மணலில் மிதக்கும். தென்னை ஓலை மட்டையை டயருக்கு அடியில் செருகி, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, வந்த தடத்திலேயே பின்னோக்கி மெதுவாக எடுங்கள். ஏறியதும் நிறுத்தாமல் கெட்டித் தரைக்கு வந்துவிட வேண்டும். குறைந்த காற்றோடு தார்ச்சாலையில் ஓட்டினால் டயர் சூடாகிக் கெடும், ஆகவே கையடக்கக் காற்றுப் பம்பு ஒன்று வைத்திருங்கள்.

பைக்குக்குப் புதையும் ஆபத்தைவிட வழுக்கும் ஆபத்து அதிகம். காற்று சாலையில் மெல்லிய மணலைப் பரப்பி வைத்திருக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, மணல் மேல் முன் பிரேக்கைத் தொடாமல் கடந்து போங்கள்.

உப்புக்காற்றில் வண்டி கெட்டுப்போகாதா?

இரண்டு நாளில் ஒன்றும் ஆகாது, வீட்டுக்குப் போய் அப்படியே நிறுத்தினால்தான் துரு ஏறும். அன்றிரவே நல்ல தண்ணீரால், முக்கியமாக அடிப்பகுதி, டிஸ்க், மட்கார்டு உள்பக்கம், ஸ்டாண்டு ஸ்பிரிங் ஆகியவற்றைக் கழுவுங்கள். சில கடற்கரை ஊர்களில் கிணற்றுத் தண்ணீரே உப்பு, அதில் கழுவிப் பயனில்லை. செயினை மண்ணெண்ணெயில் துடைத்து, காய்ந்தபின் 90 நம்பர் கியர் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக உள்பக்கம் விட்டு, மிகுதியைத் துடைத்துவிடுங்கள். டிஸ்க்கில் எண்ணெய் படக் கூடாது. மறுநாள் காலை டிஸ்க்கில் பழுப்பாகத் துரு தெரிந்தால் பயப்பட வேண்டாம், நாலு முறை பிரேக் பிடித்தால் போய்விடும்.

விவேகானந்தர் பாறைக்கும் கண்ணாடிப் பாலத்துக்கும் இந்தப் பயணத்தில் நேரம் கிடைக்குமா?

முதல் நாளில் சேர்த்தால் முட்டத்து மாலை போய்விடும். முந்தின நாள் பிற்பகலுக்குள் கன்னியாகுமரி வந்து அதை முடித்துவிடுங்கள். படகில் விவேகானந்தர் பாறைக்குப் போய், அங்கிருந்து 133 அடி வள்ளுவர் சிலைக்கு 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலத்தில் நடக்கலாம். பாலம் 2024 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்டது. கடல் சீறினாலும், நீர்மட்டம் தாழ்ந்தாலும் படகு ஓடாது. இரண்டாவதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை.

துறை ஊர்களில் கவனிக்க வேண்டியவை?

கரை அவர்கள் வேலை செய்யும் இடம். வலை மேல் நடக்காதீர்கள், வண்டி ஏற்றாதீர்கள். ஒரு கண்ணி அறுந்தால் அதைக் கட்ட ஒருவர் உட்கார வேண்டும். கரையில் நின்று கரைமடி வலையை இழுக்கும்போது குறுக்கே நின்று படம் எடுக்க வேண்டாம், கேட்டால் இழுக்கவே கயிற்றைக் கொடுப்பார்கள். ஏலம் நடக்கும்போது நடுவில் விலை கேட்காதீர்கள். ஞாயிறு காலை பூசை முடியும் நேரத்தில் கோயில் தெருவெல்லாம் ஆள் நிறைந்திருக்கும், ஹாரன் அடிக்காமல் காத்திருங்கள். இங்கே கோயில் என்று சொன்னால் தேவாலயத்தையும் குறிக்கும், வழி கேட்கும்போது நினைவிருக்கட்டும்.

கடல் சீற்ற எச்சரிக்கை வந்துவிட்டால் பயணம் வீணா?

இல்லை, உள்ளே திரும்பிவிடுங்கள். தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை (திங்கள்கிழமை விடுமுறை), புலியூர்க்குறிச்சியில் டிலனாய் கல்லறை உள்ள உதயகிரிக் கோட்டை, பரளியாற்றின் மேல் 115 அடி உயரத்தில் நிற்கும் மாத்தூர்த் தொட்டிப்பாலம் மூன்றும் ஒரு பகலுக்குச் சரியாக இருக்கும்.

சொந்த வண்டி இல்லாமல், பேருந்தில்?

முடியும். நாகர்கோவிலில் இறங்கி, மீனாட்சிபுரத்திலுள்ள அண்ணா பேருந்து நிலையத்துக்குப் போங்கள். உள்ளூர்ப் பேருந்துகள் அங்கிருந்துதான், வடசேரியிலிருந்து வெளியூர்ப் பேருந்துகள். முட்டத்துக்கும் குளச்சலுக்கும் தனித்தனியே பேருந்து உண்டு. துறையிலிருந்து துறைக்குக் கரையோரமாகவே போக ஆட்டோ பிடிக்க வேண்டியிருக்கும்.

நீரோடியிலிருந்து எப்படித் திரும்புவது?

நேரே போனால் பொழியூர், பூவாறு. சொந்த வண்டிக்குத் தடையில்லை, மஞ்சள் பலகை வாடகைக் கார் என்றால் கேரளத்துக்குள் ஓட்ட அனுமதி இருக்க வேண்டும். குமரிக்கே திரும்புபவர்கள் வந்த வழியில் போகாமல் நித்திரவிளை வழியாக மார்த்தாண்டம் போய் நெடுஞ்சாலையைப் பிடிக்கலாம். மாலை 5 மணிக்கு மேல் மார்த்தாண்டம் நெரிசலில் மாட்டுவீர்கள், ஆகவே நீரோடியைப் பிற்பகல் 3 மணிக்குள் விட்டுவிடுங்கள். ரயில் பிடிப்பவர்களுக்குக் குழித்துறை நிலையம் பக்கம்.